பன்றிமூக்குக் கப்பல்கள்

ஆற்றில் வெள்ளம் வரும் நாளில் பாலத்தின் மேல் நின்று வேடிக்கை பார்த்தவர்களுக்கு இது நினைவிருக்கும். யார் வீட்டுத் தகரத் தொட்டியோ ஒன்று அடித்துக்கொண்டு வரும். பின்னாலேயே ஒரு தென்னந்தடி. தொட்டி ஒவ்வொரு அலைக்கும் துள்ளும், சுழலும், ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீரை அள்ளிக்கொண்டு கடைசியில் கவிழ்ந்துவிடும். தடிக்கு அந்தப் பதற்றமெல்லாம் கிடையாது. முக்கால் உடம்பு தண்ணீருக்குள் கிடக்கும். அலை முதுகில் ஏறி அந்தப் பக்கம் இறங்கிப் போகும். தடி தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

மனிதர்கள் காலங்காலமாகக் கட்டிவந்த கப்பல்கள் எல்லாம் தொட்டி வகை. தண்ணீர் உள்ளே வராமலிருக்கச் சுவரை உயர்த்திக்கொண்டே போவதுதான் அவற்றின் தத்துவம். 1880-களில் ஒரு கப்பல் தலைவருக்குத் தடி வகையில் ஒரு கப்பல் கட்டினால் என்ன என்று தோன்றியது. அதற்காகவே ஒரு கம்பெனி தொடங்கப்பட்டது. பத்தே ஆண்டுகளில் சுமார் 40 கலங்களை அது கட்டித் தள்ளியது, பிறகு இல்லாமல் போனது. இதில் வியப்பு என்னவென்றால், தண்ணீரைப் பற்றி அந்தத் தலைவர் போட்ட கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

அமெரிக்காவும் கனடாவும் சந்திக்கும் பகுதியில் ஐந்து பேரேரிகள் இருக்கின்றன. ஏரி என்றதும் வீராணத்தையோ செம்பரம்பாக்கத்தையோ நினைத்துக்கொண்டால் அளவு பிடிபடாது. சுப்பீரியர் ஏரியின் பரப்பு மட்டும் ஏறத்தாழ 82,000 சதுர கிலோமீட்டர், இலங்கைத் தீவைவிடப் பெரிது. பனியாக உறையாமல் பூமியின் மேற்பரப்பில் கிடக்கும் நன்னீரில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இந்த ஐந்து ஏரிகளில் இருக்கிறது. கரையில் நின்றால் அக்கரை தெரியாது. நவம்பர் மாதப் புயல்களுக்குப் பெயர்போன இடம். ஆனால் இங்கே எழும் அலை கடலலை போன்றதில்லை. கடலில் காற்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தடையின்றி ஓடி, அலைகளை நீட்டி வளர்க்கிறது. ஏரியில் அதற்குள் கரை வந்துவிடும். அதனால் ஏரி அலைகள் குறுகியவை, செங்குத்தானவை. ஓர் அடி வாங்கி நிமிர்வதற்குள் அடுத்த அடி விழும்.

சுப்பீரியர் கரையோர மலைகளில் இரும்புத் தாது இருந்தது. அதை உருக்க வேண்டிய நிலக்கரியோ தெற்கே பென்சில்வேனியாப் பக்கம். எனவே தாது துலூத் போன்ற துறைகளில் கப்பலேறி, ஏரி ஏரியாகக் கடந்து, ஈரி ஏரிக் கரையிலுள்ள கிளீவ்லாந்து போன்ற ஊர்களுக்குப் போய்ச் சேர வேண்டும். நடுவே ஒரு படிக்கட்டு உண்டு. சுப்பீரியரின் நீர்மட்டம் அடுத்த ஏரியைவிடச் சுமார் 7 மீட்டர் உயரம். சூ செயின்ட் மேரி என்ற இடத்தில் அந்தப் படியைக் கடக்க நீர்ப்பூட்டு கட்டியிருந்தார்கள். இரு பக்கமும் கதவு வைத்த நீண்ட தொட்டி அது. கப்பல் உள்ளே வந்ததும் கதவை மூடித் தண்ணீரை வடித்தால் கப்பல் மெல்லக் கீழிறங்கும், பிறகு மறுபக்கக் கதவைத் திறந்துவிடுவார்கள். 1881-இல் திறந்த பூட்டின் நீளம் 515 அடி, அகலம் 80 அடி. ஆழம் 17 அடிதான்.

இந்தப் பதினேழு அடிதான் இங்கே கப்பல் கட்டுபவனின் தலையெழுத்து. கப்பல் தண்ணீருக்குள் எவ்வளவு இறங்குகிறதோ அதை மூழ்காழம் என்று வைத்துக்கொள்வோம். கடற்கப்பலுக்குக் கூடுதல் சரக்கு வேண்டுமானால் அடிவயிற்றைக் கீழே இறக்கலாம். இங்கே அது முடியாது. ஆகவே ஏரிக் கப்பலுக்கு அடிப்பாகம் தட்டை. செம்பு எவ்வளவு தண்ணீரை ஒதுக்குகிறதோ அவ்வளவையும் ஒதுக்கிக்கொண்டு, ஆனால் ஆழமாக இறங்காமல் மிதப்பதற்குத் தாம்பாளம்தான் லாயக்கு.

அலெக்சாண்டர் மெக்டூகல் 1845-இல் ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் பிறந்தவர். சிறு வயதிலேயே குடும்பம் கனடாவுக்கு வந்துவிட்டது. பதின்வயதில் ஏரிக் கப்பலில் வேலைக்கு ஏறி, தலைவராக உயர்ந்தார். பொறியியல் கல்லூரிப் பக்கம் போனவரில்லை. அவரை உறுத்திக்கொண்டிருந்தது இழுவைத் தோணிகளின் நடத்தை. அந்தக் காலத்தில் ஒரு நீராவிக் கப்பல் தான் சுமக்கும் தாது போதாதென்று, பாய்மரம் வெட்டிய பழைய கப்பல்களைக் கயிறு கட்டிப் பின்னால் இழுத்துக்கொண்டு போகும். லாரிக்குப் பின்னால் சரியாகப் பூட்டாத டிரெய்லர் எப்படி இடமும் வலமும் ஆடுமோ அப்படி அவை ஆடிக்கொண்டே வந்தன. கயிறு முன்தளத்தின் உயரத்தில் கட்டியிருக்கும், நீரின் எதிர்ப்போ கீழே வயிற்றில் விழும், காற்று மேற்கட்டில் மோதும். மூன்று விசைகளும் மூன்று இடத்தில் பிடித்து இழுத்தால் எது நேராகப் போகும்?

மட்டை வண்டி விளையாடிய பிள்ளைகளுக்கு இதற்கான விடை தெரியும். தென்னை மட்டையின் கூர்முனையைப் பிடித்து இழுத்தால் உட்கார்ந்திருப்பவனோடு சேர்ந்து அது நேராக வரும். மெக்டூகலும் தோணியின் இரு முனைகளையும் சுருட்டுபோலக் கூராக்கி, இழுகயிற்றை அந்த மூக்கிலேயே, நீர்மட்டத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். இழுக்கும் விசையும் எதிர்க்கும் விசையும் ஏறத்தாழ ஒரே கோட்டில் வந்துவிட்டன.

அடுத்தது அலை. ஒரு கன மீட்டர் நீரின் எடை 1,000 கிலோ. அவ்வளவு எடை ஓடிவந்து ஒரு செங்குத்துச் சுவரில் மோதி நின்றால், அதன் வேகம் முழுவதும் அந்தக் கணத்தில் சுவர்மீது விசையாக இறங்குகிறது. அதே நீருக்கு ஒரு வளைவைக் காட்டினால் நிற்காமல் திசை மட்டும் மாறி வழுக்கிப் போகும். குற்றால அருவியில் விரித்த உள்ளங்கையை நீட்டிப் பாருங்கள், கையைக் கீழே தள்ளிவிடும். கையைக் கத்திபோலத் திருப்பிக்கொண்டால் நீர் இருபுறமும் பிரிந்து ஓடும். மெக்டூகலின் கப்பலில் மேல்தளமே கிடையாது என்று சொல்லிவிடலாம். பக்கச் சுவர்கள் மேலே வளைந்து ஒன்றோடொன்று சேர்ந்து திமிங்கல முதுகாகிவிடும். நிறைசுமையில் அந்த முதுகு மட்டுமே வெளியே தெரியும். ஆட்கள் தங்கும் அறைகள் இரு முனைகளிலும் உருண்டைக் கோபுரங்களின் மேல் உட்கார்ந்திருக்கும். அலைகள் அந்தக் கோபுரங்களுக்கு நடுவே முதுகின்மேல் ஓடிப் போகும்.

முதுகின்மேல் அலை ஏறுவதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. கப்பல் ஆடுவதற்குக் காரணமே மிதப்புவிசை இடத்துக்கு இடம் கூடிக் குறைவதுதான். உயரமான சுவருள்ள கப்பலின் மூக்கில் அலை ஏறினால், அங்கே அதிகம் மூழ்கிய பகுதி அதிக நீரை ஒதுக்கும், அதனால் மூக்கு மேலே தூக்கப்படும். தடியிலோ ஒதுக்குவதற்கு மிச்சமாக உடம்பே இல்லை. அலை எவ்வளவு உயர்ந்தாலும் கூடுதல் விசை ஓரளவுக்கு மேல் வராது. ஆட்டமும் குறைவு.

முதுகை வளைத்ததால் கொள்ளளவு போய்விடாதா? இரும்புத் தாது என்பதால் போகவில்லை. ஒரு மூட்டை பஞ்சையும் அதே எடைக்கு ஆணியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கும். தாதுவை ஏற்றும்போது சரக்கறை நிறைவதற்கு வெகு முன்பே கப்பல் தன் எடை வரம்பைத் தொட்டுவிடும். பெட்டி வடிவக் கப்பலில் மேல் மூலைகள் எப்படியும் வெறுமையாகத்தான் பயணம் செய்தன. மெக்டூகல் வெட்டி எறிந்தது அந்த மூலைகளைத்தான். போதாக்குறைக்கு, வளைந்த தகடு தட்டைத் தகட்டைவிட விறைப்பானது. கூரையில் போடும் நாட்டு ஓடு தட்டையாக இருந்திருந்தால் ஆள் ஏறியதும் முறிந்திருக்கும். நடுவயிறு முழுக்க ஒரே அளவுச் சட்டங்கள் என்பதால் தேர்ந்த தச்சர்கள் அதிகம் தேவைப்படாமல் விரைவாகவும் கட்ட முடிந்தது.

இதையெல்லாம் அவர் சொன்னபோது கப்பல் முதலாளிகள் சிரித்தார்கள். கடைசியில் தன் கைப்பணத்தைப் போட்டு துலூத்தில் ஒரு தோணியைக் கட்டி, 1888 ஜூன் 23 அன்று நீரில் இறக்கினார். பெயர்கூட வைக்கவில்லை, 101 என்று எண் மட்டும்தான். “நம்ம கடைசிக் காசும் தண்ணியில போகுது” என்கிற பொருளில் அவர் மனைவி அன்று சொன்னதாக ஒரு கதை உண்டு. கதை உண்மையோ இல்லையோ, தோணி மிதந்தது.

அடுத்த ஆண்டே நியூயார்க்கிலிருந்து பணம் வந்தது. எண்ணெய்க் கோடீசுவரர் ராக்கஃபெல்லரின் வட்டாரத்தைச் சேர்ந்த கோல்கேட் ஹாய்ட் என்பவர் முன்நின்று முதலீடு திரட்ட, அமெரிக்கன் ஸ்டீல் பார்ஜ் கம்பெனி பிறந்தது. கட்டுதளம் விரைவில் துலூத்துக்கு எதிரே, வளைகுடாவின் மறுகரையிலிருந்த சுப்பீரியர் ஊருக்கு இடம் மாறியது. 1890-இல் இறங்கிய முதல் நீராவிக் கப்பலுக்கு ஹாய்ட்டின் பெயரையே வைத்தார்கள். காசு போட்டவர் பெயர் கப்பலுக்கு, இழுவைத் தோணிகளுக்குப் பெரும்பாலும் வெறும் எண். ஏரித் துறைமுகங்களில் உழைத்தவர்கள் அவற்றுக்குப் பொதுவாக வேறொரு பெயர் வைத்தார்கள்: பன்றிப் படகு. தட்டையாக முடியும் அந்த மூக்கையும் அதிலிருந்த கயிற்றுத் துளைகளையும் பார்த்தால் யாருக்கும் வேறு பெயர் தோன்றியிருக்காது.

1891-இல் கம்பெனி ஒரு துணிச்சலில் இறங்கியது. சார்லஸ் டபிள்யூ. வெட்மோர் என்ற கப்பலைத் தானியத்தோடு இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். ஏரிகளிலிருந்து கடலுக்குப் போகும் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் கால்வாய்கள் அதற்குச் சிறியவை என்பதால் நுரைத்துப் பாயும் ஆற்றிலேயே இறங்கி, அட்லாண்டிக்கைக் கடந்து, லிவர்பூல் போய்ச் சேர்ந்தது. வந்த வழியே திரும்ப ஏற முடியாது என்பது தெரிந்தே அனுப்பிய பயணம்.

ஏரியிலிருந்து கடலுக்குள் நுழைந்ததும் அந்தக் கப்பல் கொஞ்சம் உயர்ந்திருக்கும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் மூழ்கிய முட்டை, உப்பைக் கரைத்ததும் மேலே வருகிறதே, அதே கணக்கு. கப்பல் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை ஒதுக்கினால் போதும். கடல்நீர் நன்னீரைவிடச் சுமார் இரண்டரை சதவீதம் கனமானது. எனவே கொஞ்சம் குறைவான நீரை ஒதுக்கினாலே எடை சரியாகிவிடும். 5 மீட்டர் மூழ்கியிருந்த பெட்டி வடிவக் கலம் கடலில் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் உயரும். இன்றைக்கும் சரக்குக் கப்பல்களின் விலாவில் சுமை வரம்புக் கோடுகள் ஏணிப்படிபோல வரைந்திருப்பார்கள். அவற்றில் நன்னீர்க் கோடு கடல்நீர்க் கோட்டுக்கு மேலே இருப்பதற்குக் காரணம் இதுதான்.

வெட்மோர் அதற்குப் பிறகு பசிபிக் கரைக்குப் போய், 1892-இல் ஓரிகன் மாநிலக் கரையில் தரைதட்டி அழிந்தது. ஆனால் லிவர்பூலில் அதைப் பார்த்த ஆங்கிலேயர்களுக்குப் பொறி தட்டிவிட்டது. சண்டர்லாந்திலிருந்த டாக்ஸ்ஃபோர்டு நிறுவனம் இதே சாயலில் ‘டர்ரெட்’ கப்பல் என்ற வகையை உருவாக்கி 170-க்கும் மேல் கட்டி விற்றது. நம் பக்கத்துக்கும் ஒன்று வந்ததுண்டு. வாஷிங்டன் மாநிலத்தின் எவரெட் நகரில் கட்டிய ‘சிட்டி ஆஃப் எவரெட்’ என்ற திமிங்கல முதுகுக் கப்பல், 1897-இல் இந்தியப் பஞ்சத்துக்காக அமெரிக்காவில் திரட்டிய மக்காச்சோளத்தைக் கல்கத்தாவில் கொண்டுவந்து இறக்கியது.

உப்பு இல்லாத நீரால் இன்னொரு லாபமும் உண்டு, அதுதான் ஆயுள். துரு என்பது ஒரு மிகச் சிறிய மின்கலம் ஓடுவது போன்றது. இரும்புத் தகட்டின் ஓரிடத்தில் அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து கரைகின்றன, பக்கத்திலேயே இன்னோரிடத்தில் நீரும் ஆக்சிஜனும் அந்த எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்கின்றன. இந்தச் சுற்று முழுமையடைய நீர் மின்சாரத்தைக் கடத்த வேண்டும். கடல்நீர் அதற்கு நல்ல கம்பி. சுப்பீரியர் ஏரியின் நீர் கடல்நீரைவிடச் சில நூறு மடங்கு மோசமான கடத்தி. சுற்று தடைப்படுவதால் அரிப்பும் மெல்ல நடக்கிறது. இது ஏட்டுக் கணக்கு இல்லை, துறைமுகத்தில் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் சான்று. கடற்கப்பல்களை இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளில் உடைக்க அனுப்பிவிடுகிறார்கள். இங்கே 1906-இல் கட்டிய செயின்ட் மேரிஸ் சாலஞ்சர் என்ற கப்பல் 2013 வரை சொந்த எந்திரத்தில் ஓடியது. அதற்குப் பிறகும் அதை உடைக்கவில்லை, எந்திரத்தைக் கழற்றிவிட்டுத் தோணியாக மாற்றினார்கள்.

தடி வடிவத்துக்கு ஒரு விலை இருந்தது. நிறைசுமையில் நீர்மட்டத்துக்கு மேலே மிச்சமிருக்கும் காற்றடைந்த உடம்பை மிதப்புக் கையிருப்பு எனலாம். கப்பலில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் புகப்புக, அந்தக் கையிருப்பைச் செலவழித்துத்தான் அது தாக்குப்பிடிக்கிறது. தொட்டிக்கு உயரமான சுவர் உண்டு, கையிருப்பும் அதிகம். தடிக்குக் கைக்கும் வாய்க்கும் சரி. 1902 ஜூன் மாதம் தாமஸ் வில்சன் என்ற திமிங்கல முதுகுக் கப்பல் தாதுவோடு துலூத்தை விட்டுக் கிளம்பியபோது, ஹேட்லி என்ற கப்பல் திசை மாற்றித் திரும்பி அதன் விலாவில் மோதியது. வில்சன் சில நிமிடங்களில் மூழ்கியது. ஒன்பது பேர் இறந்தார்கள். கரையிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்தில் நடந்த விபத்து அது.

ஆனால் இந்த வகைக் கப்பல்களை ஓரங்கட்டியது விபத்து இல்லை. 1893-இல் அமெரிக்கா முழுவதும் பணமுடை வந்தது. கம்பெனி, இரும்புச் சுரங்கங்களோடு சேர்ந்து, ராக்கஃபெல்லர் பிடிக்குள் போனது. அது பாதிக் காரணம். மீதியைத் தேடத் தண்ணீரை விட்டுத் துறைமுகத்துக்கு வர வேண்டும்.

தாதுவை ஏற்றுவது சுலபம். உயரமான மேடையிலிருந்து சரிவுக் குழாய்கள் வழியாகக் கொட்டிவிடலாம். இறக்குவதுதான் பாடு. 1888-இல் அது மண்வெட்டி வேலை. ஆட்கள் சரக்கறைக்குள் இறங்கி வாளியில் அள்ளிப் போட, எந்திரம் வாளியை மேலே தூக்கும். சரக்கறையின் வாய் சிறிதாக இருந்தாலும் வாளியும் ஆளும் நுழைந்தால் போதும். மெக்டூகலின் கப்பலில் அந்த வாய்கள் சிறியவைதான். வளைந்த முதுகில் பெரிய துளைகள் போட்டால் ஓட்டின் விறைப்பு போய்விடும். அலை ஏறி இறங்கும் இடம் என்பதால் மூடியை வேறு இறுக்கித் திருகியாக வேண்டும்.

1899-இல் ஈரி ஏரிக் கரையிலுள்ள கொன்னியாட் துறையில் ஜார்ஜ் ஹியூலெட் ஒரு ராட்சத எந்திரத்தை நிறுத்தினார். மேலே தராசுபோல ஆடும் ஒரு நீண்ட உத்தரம், அதன் நுனியிலிருந்து செங்குத்தாகத் தொங்கும் ஒரு கால், காலின் அடியில் வாய் பிளக்கும் அள்ளுவாளி. யானைத் தும்பிக்கையென்று சொல்லலாம், ஆனால் இந்தத் தும்பிக்கைக்குள்ளேயே ஓட்டுநர் உட்கார்ந்திருப்பார். வாளிக்குச் சற்று மேலே அவர் அறை. வாளியோடு சேர்ந்து அவரும் சரக்கறைக்குள் இறங்கி, எங்கே தாது இருக்கிறதென்று பார்த்துக் கடித்துக்கொண்டு மேலே வருவார். ஒரு கடிக்கு 10 டன், பின்னால் வந்த எந்திரங்களில் 17 டன். மண்வெட்டிக் கூட்டத்துக்கு நாள்கணக்கில் இழுத்த வேலை மணிக்கணக்கில் முடியத் தொடங்கியது.

அந்தத் தும்பிக்கை நுழைய அகலமான வாய் வேண்டும், உள்ளே அது திரும்பக் குறுக்குத் தூண்கள் இல்லாத வயிறு வேண்டும். திமிங்கல முதுகில் இரண்டும் இல்லை. 1904-இல் லொரெயின் கட்டுதளத்தில் இறங்கிய அகஸ்டஸ் பி. வோல்வின் என்ற தட்டைத் தளக் கப்பலைப் பார்த்தால் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று தெரியும்: 560 அடி நீளம், 12 அடிக்கு ஒன்றாக 33 வாய்கள், உள்ளே தூணே கிடையாது. அந்தப் பன்னிரண்டு அடி இடைவெளி எங்கிருந்து வந்தது? தாது கொட்டும் மேடையின் சரிவுக் குழாய்கள் அந்த இடைவெளியில்தான் நிற்கின்றன. கப்பலின் முதுகெலும்பு அலைக்கு ஏற்ப அமைந்த காலம் போய், மேடைக்கும் வாளிக்கும் ஏற்ப அமையத் தொடங்கிவிட்டது. வருடத்தில் எத்தனை முறை போய்வர முடிகிறது என்பதுதான் முதலாளியின் கணக்கு என்றால், புயலில் மிச்சப்படுத்தும் அரை நாளைவிடத் துறையில் மிச்சப்படுத்தும் இரண்டு நாள் பெரிது.

மெக்டூகல் தளத்தின் கடைசித் திமிங்கல முதுகு இதற்கெல்லாம் முன்பே, 1898-இல் இறங்கியிருந்தது. 413 அடி நீளம், பெயர் அலெக்சாண்டர் மெக்டூகல். உடம்பெல்லாம் பழைய வளைவு, மூக்கு மட்டும் எல்லாக் கப்பலுக்கும் இருக்கும் செங்குத்து மூக்கு. தன் பெயர் தாங்கிய கப்பலிலேயே அந்தப் பன்றிமூக்கு இல்லாமல் போனதை மனிதர் எப்படி எடுத்துக்கொண்டாரோ. 1899-இல் உருவான அமெரிக்கன் ஷிப் பில்டிங் கம்பெனி கட்டுதளத்தை வாங்கிக்கொண்டது.

ஆனாலும் ஒன்று தப்பியது. 1896-இல் கட்டிய ஃபிராங்க் ராக்கஃபெல்லர் என்ற கப்பல் தாது சுமந்தது, மணல் சுமந்தது, கொஞ்ச காலம் மோட்டார் கார் சுமந்தது. 1943-இல் அதை எண்ணெய்க் கப்பலாக மாற்றி ‘மீட்டியர்’ என்று பெயரிட்டார்கள். பெட்ரோலை ஏற்றி இறக்க வாளி எதற்கு, குழாய் போதுமே! வாய் சிறிதாக இருந்தால் இன்னும் நல்லது. தன்னை ஓரங்கட்டிய குறையே குறையில்லாத ஒரு தொழில் அதற்குக் கிடைத்துவிட்டது. 1969 வரை அது ஓடியது. இப்போது பிறந்த ஊரான சுப்பீரியரிலேயே அருங்காட்சியகமாக நிற்கிறது, உள்ளே போய்ப் பார்க்கலாம்.

இன்னொன்றை 2021-இல் கண்டுபிடித்தார்கள். நீருக்குள் ஒலியைப் பக்கவாட்டில் அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தையும் வலுவையும் வைத்து ஏரித்தரையின் படத்தை வரையும் கருவி ஒன்று உண்டு. சுப்பீரியர் ஏரியில் அதை இழுத்துக்கொண்டு போனபோது சுமார் 200 மீட்டர் ஆழத்தில் ஒரு நிழல் தெரிந்தது. பிறகு கேமரா பொருத்திய ஆளில்லாக் கருவியை இறக்கினார்கள். அது 129-ஆம் எண் தோணி. 1902 அக்டோபரில் புயலில் இழுகயிறு அறுந்து, மீண்டும் கட்ட நெருங்கிய தன் இழுவைக் கப்பலே இடித்து மூழ்கியது. ஏரியின் அடியில் அது நொறுங்கித்தான் கிடக்கிறது. ஆனால் அந்த வளைந்த மூக்கு அடையாளம் தெரிகிறது, அதில் இழுகயிற்றின் ஒரு துண்டு இன்னும் மாட்டியிருக்கிறது.